இறைச்சியும் உள்ளூர் உணவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறைச்சி சாப்பிடுவது சரியா என்று பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் பின்னிக்கொள்ளும். விலங்கு படும் துன்பம் ஒன்று. பூமி சூடாவது இன்னொன்று. விளைவித்தவர் கையில் பணம் சேர்கிறதா என்பது மற்றொன்று. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கும் பொருத்திவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

அதிகம் பேர் செய்வது, தூரத்தை மட்டும் பார்ப்பது. உணவு எத்தனை கிலோமீட்டர் கடந்து வந்தது என்பது சுலபமாகப் புரிகிற எண் என்பதால் அதுவே முக்கியம் என்று தோன்றிவிடுகிறது. அமெரிக்கக் குடும்பங்களின் உணவை 2008-ல் வெபர், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அந்த உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு மொத்தமே சுமார் 11 சதவீதம்தான் இருந்தது. உற்பத்தி செய்த இடத்திலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் 4 சதவீதம். வாரத்தில் ஒரு நாளுக்கும் குறைவான அளவு சிவப்பு இறைச்சியையும் பாலையும் விட்டுவிட்டு, கோழி, மீன், முட்டை அல்லது காய்கறிக்கு மாறினாலே போதும், எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்குவதைவிட அதிகம் குறையும் என்றார்கள்.

காரணம், அசைபோடும் விலங்கின் வயிறு. தீவனம் அங்கே நொதிக்கும்போது உருவாகும் மீத்தேன் ஏப்பமாக வெளியே வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 27 மடங்குக்குக் குறையாமல் சூடேற்றும். பக்கத்து வயலில் நிற்கிற மாடும் ஏப்பம் விடத்தானே செய்யும்?

தூரம் பொருட்டே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விமானத்தில் வருவது வேறு கதை. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, கப்பலைவிட விமானம் ஏறக்குறைய 50 மடங்கு வாயுவை வெளியிடும். சீக்கிரம் கெட்டுப்போகிற, தொலைவிலிருந்து வருகிற பழங்களையும் காய்களையும் பற்றி யோசிக்கலாம். ஆனால் குளிர் காலத்தில் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த உள்ளூர்த் தக்காளி, வெயிலில் விளைந்து லாரியில் வந்த தக்காளியைவிட மோசமாகவும் இருக்கலாம். பருவத்தில் விளைந்ததா என்று கேட்பது தூரத்தைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

அடுத்து, உள்ளூர்ப் பண்ணை என்றால் விலங்கு நன்றாக வாழ்ந்திருக்கும் என்ற நம்பிக்கை. சின்னப் பண்ணையிலும் விலங்கை நாள் முழுக்கக் கட்டிப்போடலாம். ‘புல் மேய்ந்தது’ என்ற லேபிள் தீவனத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ‘கூண்டில்லாதது’ என்றால் கூண்டு இல்லை, அவ்வளவுதான். நெரிசலான கொட்டகை இருக்கலாம். உள்ளூரில் வாங்குவதன் உண்மையான லாபம், நேரில் போய்க் கேட்க முடிவது. விலங்கு எவ்வளவு நேரம் வெளியே திரிகிறது, காயடிக்கும்போது வலிமருந்து கொடுக்கிறார்களா, எங்கே வெட்டுகிறார்கள், அதற்கு முன் மயக்கம் உண்டா? கேட்காமல் வாங்கினால் அந்த லாபமும் கையை விட்டுப் போகிறது.

எனக்கு மிகவும் சங்கடமாகத் தோன்றுவது அடுத்த விஷயம். பூமியை நினைத்து மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுகிறவர்கள், எண்ணிக்கையைக் கவனிப்பதில்லை. ஒரு மாடு இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தரும். ஒரு கறிக்கோழி இரண்டு கிலோவை ஒட்டித்தான். ஒரு மாட்டின் இடத்தில் நூறு கோழிக்கு மேல் சாகின்றன. அந்தக் கோழிகள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வாரத்துக்குள் வெட்டப்படுபவை. வேகமாக எடை ஏறும்படி உருவாக்கிய இனங்களில் கால்களால் உடலைத் தாங்க முடியாமல் போவதும் உண்டு. உலகத்தில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகள் கொல்லப்படுகின்றன. இங்கே வாயுக் கணக்கும் விலங்கின் துன்பமும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. குறைத்த மாட்டிறைச்சியின் இடத்தைப் பருப்பு, பயறு வகைகளால் நிரப்பினால் இந்த இழுபறி பெரிதும் தளர்ந்துவிடும். அது முடியாதவர்கள் இரண்டையும் குறைவாகச் சாப்பிடலாம். எப்படியும், கோழி ‘சின்ன உயிர்’ என்பதை ஒரு வாதமாக நான் ஏற்கவில்லை.

இறைச்சியை விட்டுவிட்டுப் பாலாடைக்கட்டியையும் முட்டையையும் கூட்டுகிறவர்களும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால், பாலாடைக்கட்டியின் வாயுக் கணக்கு கோழி, பன்றி இறைச்சியைவிட அதிகம். பசு கன்று போட்டால்தான் பால் சுரக்கும். பால் தராத காளைக் கன்று என்ன ஆகிறது? முட்டைத் தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொல்வது பரவலான வழக்கம். ஜெர்மனி அதை 2022-ல் தடை செய்தது.

‘செடிக்கும் உயிர் உண்டு, அறுவடையில் எலிகள் சாகின்றன’ என்ற வாதத்தில் அதிகம் நிற்க வேண்டாம். விலங்குத் தீவனமும் வயலிலிருந்துதான் வருகிறது. உலகத் தானிய விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தீவனமாகவே போகிறது. அதேசமயம், மேய்ச்சல் நிலம் முழுவதிலும் பயிர் செய்துவிடலாம் என்று மறுபக்கம் சொல்வதும் தவறு. வறண்ட, சரிவான நிலங்களில் ஆடும் மாடும் மட்டுமே உணவாகிற சமூகங்கள் இருக்கின்றன. வேறு வழியில்லாதவர்களிடம் போய் அறம் பேசுவது எனக்கு உறுத்துகிறது. தட்டில் எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

அப்புறம், விலங்கு உணவு எல்லாவற்றையும் விட்டவர்கள் பி12 வைட்டமினை மறந்துவிடுவது. தாவர உணவிலிருந்து அது நம்பகமாகக் கிடைக்காது; மாத்திரை அல்லது செறிவூட்டிய உணவு வேண்டும். கல்லீரலில் இருக்கும் சேமிப்பால் குறைபாடு வெளியே தெரிய ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தள்ளிப்போடக் கூடாது.