சேலத்திலிருந்து தரங்கம்பாடி: சனி, ஞாயிறில் போய்வரத் திட்டமிடுவது எப்படி

சேலத்துக்காரர்கள் கடல் பார்க்கக் கிளம்பினால் பாண்டிச்சேரி, இல்லையென்றால் வேளாங்கண்ணி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தரங்கம்பாடியை காரின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். கோட்டை, பழைய தெருக்கள், மீனவர் குப்பம் மூன்றும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கிற ஊர் அது. இரண்டு நாள் கொடுத்தால் போதும். ஆனால் அந்த இரண்டு நாளையும் இந்த ஒரே ஊருக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் குறிப்பு முழுவதும் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ‘அப்படியே நவக்கிரகக் கோயில்களையும் முடித்துவிடலாம்’ என்று நினைப்பவர்களுக்கு வேறு திட்டம் வேண்டும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜனவரி முதல் மார்ச் வரை சிறந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் வந்தால் படகுகள் கரையேறிவிடும், பயணமும் வீணாகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையோரம் பிடிக்கிற சிறிய படகுகளின் மீன் மட்டும்தான் வரும் என்பதால் வகை குறைவு, விலை அதிகம். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் போய், ‘மீனவர் ஊரிலேயே மீன் இல்லை’ என்று ஏமாறுவது இதனால்தான். மே மாத வெயிலும் சேலத்து வெயில் மாதிரி இருக்காது. வறண்ட சூட்டுக்குப் பழகிய உடம்புக்குக் கடலோரப் புழுக்கம் கூடுதலாகவே களைப்பைத் தரும்.

படி 2: ரயில் டிக்கெட். தவறு நடப்பது இங்கேதான்

கார், பஸ், ரயில் மூன்றிலும் ரயில்தான் என் தேர்வு. இரவில் படுத்து எழுந்தால் காவிரிப் படுகை. சனிக்கிழமை பகல் முழுதும் மிச்சமாகிறது.

மைசூருவிலிருந்து பெங்களூரு, தர்மபுரி, சேலம், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு வருகிற 16232 எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். இப்போது அது கடலூர் துறைமுகம் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதனால் ‘மைசூரு – மயிலாடுதுறை’ என்று தேடினால் குழப்பம் வரும், எண்ணைப் போட்டுத் தேடுங்கள். திரும்புவதற்கு 16231, ஞாயிறு மாலை மயிலாடுதுறையில் ஏற வேண்டும்.

ஏறுமிடம் சேலம் ஜங்ஷன், அதாவது சூரமங்கலம். சேலம் டவுன் ஸ்டேஷன் அல்ல.

இப்போது தேதி விஷயம். இந்த ரயில் சேலத்தைத் தொடுவது நள்ளிரவை ஒட்டிய நேரத்தில். அட்டவணை மாறும்போது 12 மணிக்கு முன்போ பின்போ நகரும். முன்பதிவு செய்யும்போது நீங்கள் போடும் தேதி, ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் தேதி. ரயில் சேலத்தில் 11:50-க்கு என்றால் வெள்ளிக்கிழமை தேதி. 12:10 என்றால் சனிக்கிழமை தேதியில் பதிவு செய்துவிட்டு, வெள்ளி இரவே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ‘சனிக்கிழமை டிக்கெட்தானே’ என்று சனி இரவு போனால் ரயில் முந்தின இரவே போயிருக்கும். டிக்கெட் வந்தவுடன் அதில் இருக்கும் புறப்படும் நேரத்தைப் பார்த்து, ‘வெள்ளி இரவு ஜங்ஷன்’ என்று வீட்டு நாட்காட்டியிலேயே எழுதிவிடுங்கள்.

தட்கல் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். தட்கல் திறப்பது ரயில் அதன் தொடக்க ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தின நாள். நீங்கள் ஏறும் நாளுக்கு முந்தின நாள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மைசூருவில் வெள்ளி கிளம்பும் ரயிலுக்கு, சேலத்தில் அது சனி தேதியில் வந்தாலும், தட்கல் வியாழக்கிழமையே திறந்துவிடும். வெள்ளி காலை உட்கார்ந்து தேடினால் ஒன்றும் இருக்காது. ஏசி வகுப்புக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அந்தச் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவையுங்கள்.

இதெல்லாம் வேண்டாமென்றால் முன்பதிவுதான். 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. போகவரும் இரண்டு டிக்கெட்டையும் ஒரே சமயத்தில் எடுங்கள். ஞாயிறு இரவு பெங்களூரு திரும்புகிற கூட்டத்தால் திரும்பும் பெட்டிதான் முதலில் நிறையும்.

திரும்பும்போது சேலம் வருவது நல்ல தூக்க நேரத்தில். ரயில் அங்கே முடிவதில்லை, பெங்களூருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஈரோடு தாண்டும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். 139-க்கு அழைத்தும் எழுப்பும் வசதியைப் பதிவு செய்யலாம்.

பகலில் சேலம் – மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கிளம்பி நாமக்கல், கரூர், திருச்சி வழியாக இரவில் போய்ச்சேரும். வெள்ளி மதியமே விடுப்பு கிடைப்பவர்களுக்கு அது சரி. ஆனால் அந்த இரவை மயிலாடுதுறையிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.

*ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் கேட்டதால் சேர்த்தது:* ரயில் நள்ளிரவில் என்பதால் கடைசி நேரத்தில் மலை இறங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டிலும் மூடுபனியிலும் இறங்குவது நல்லதல்ல. மாலை வெளிச்சத்திலேயே பஸ் பிடித்து இறங்கி, சேலத்தில் சாப்பிட்டுவிட்டு ஜங்ஷனில் காத்திருங்கள். திரும்பும்போதும் விடியும்வரை ஸ்டேஷனில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுவதே சரி.

படி 3: காரில் போகிறவர்களுக்கு

வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி. ஏறக்குறைய 250 கிலோமீட்டர், காலை 5 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்குள் போய்விடலாம். திருச்சி, தஞ்சாவூர் வழி இதைவிட நீளம். கூகுள் மேப்பில் தரங்கம்பாடியை மட்டும் போட்டால் வயல்களுக்கு நடுவே ஒற்றையடிச் சாலைகளில் இழுத்துவிடும். சிதம்பரத்தையும் சீர்காழியையும் இடைநிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள்.

படி 4: அறை

கோட்டைக்கு அருகில் பழைய மாளிகைகளைப் புதுப்பித்து நடத்துகிற பாரம்பரிய விடுதிகள் உண்டு. அறைகள் குறைவு, வாடகை கூடுதல். டிக்கெட் உறுதியான அன்றே இதையும் உறுதி செய்யுங்கள்.

அங்கே கிடைக்கவில்லை என்றால் எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நாள்தோறும் நடக்கிற ஊர் என்பதால் லாட்ஜுகள் ஏராளம். ஆனால் முகூர்த்த நாளில் உறவுக்கூட்டம் மொத்தமாக அறைகளை எடுத்துவிடும். தேதி முடிவு செய்யும்போது பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் சனி இரவு அறை கிடைப்பது கடினம். மூன்றாவது வழி காரைக்கால். அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. அங்கிருந்து மதுபாட்டில் கொண்டுவந்தால் சோதனைச்சாவடியில் வழக்காகும்.

அறை பேசும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘சனி காலை 9 மணிக்கு வருவோம், பையை வைத்துக்கொள்வீர்களா, குளிக்க இடம் உண்டா?’ பெரும்பாலும் அறை தருவது நண்பகலுக்குத்தான்.

படி 5: மயிலாடுதுறையிலிருந்து ஊருக்குள்

தரங்கம்பாடிக்கு ரயில் கிடையாது. 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து போட்ட பாதை 1986-ல் மூடப்பட்டது. ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, ‘பொறையாறு பஸ் நிற்கிற இடம்’ என்று சொல்லுங்கள். போர்டில் தரங்கம்பாடி என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பொறையாறு பக்கத்து ஊர்தான், அந்தப் பெயரில் போகிற வண்டி உங்களுக்கு ஆகும்.

காரைக்கால் போர்டு போட்ட வண்டியும் ஆகும். ஆனால் எல்லாக் காரைக்கால் வண்டியும் ஆகாது. பேரளம், திருநள்ளாறு வழியாகவும் காரைக்காலுக்குப் போகலாம். அதில் ஏறினால் தரங்கம்பாடியைப் பார்க்கவே மாட்டீர்கள். ஏறுமுன் கண்டக்டரிடம் ‘ஆக்கூர், திருக்கடையூர் வழியா?’ என்று கேளுங்கள். பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டியது. மெயின்ரோட்டில் இறங்கி கிழக்கே நடந்தால் 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயில் வரும். அதற்குள்ளே போகிற ராஜ வீதி நேராகக் கோட்டையிலும் கடலிலும் முடிகிறது.

படி 6: சனிக்கிழமை, ஊரைப் பார்ப்பது

டேன்ஸ்போர்க் கோட்டையில் இருந்து தொடங்குங்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் நாட்டவர் கட்டியது. உள்ளே அருங்காட்சியகம். வார விடுமுறை வெள்ளிக்கிழமை, அதனால் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டவர்கள் அதை வெள்ளியன்று திட்டமிட வேண்டாம். கீழ்த்தளத்துக் கிடங்குகளையும் சிறை அறைகளையும் அவசரமில்லாமல் பாருங்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, கடற்காற்று என்று வெயில் நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

இரண்டு தேவாலயங்களையும் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் ஒரே வீதியில் இருக்கின்றன. ஞாயிறு காலை அங்கே ஆராதனை நடக்கும். கேமராவோடு உள்ளே போவது மரியாதையல்ல. 1706-ல் இந்த ஊரில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இந்த ஊர் அச்சகத்திலேயே தமிழில் அச்சானது. தமிழ் வாசிக்கிற எவரும் ஐந்து நிமிடமாவது நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இவ்வளவு பழைய வீதிகள் எப்படி அப்படியே மிஞ்சின என்ற கேள்விக்கும் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. 1845-ல் ஆங்கிலேயர் இந்த ஊரை விலைக்கு வாங்கினார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே போய்விட்டது. இடித்துக் கட்டப் பணமுள்ளவர்கள் வரவில்லை, பழையது தங்கிவிட்டது.

மாலையில் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

கடலில் குளிப்பது பற்றி: வேண்டாம். அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் கரையோரம் இருக்கின்றன, தண்ணீருக்கடியிலும் கிடக்கும். கிணற்றிலும் ஏரியிலும் நன்றாக நீந்துகிறவர்கள் நம்மூரில் நிறைய. அந்தத் தைரியம் கடல் இழுவைக்கு உதவாது. குழந்தைகளைக் கணுக்கால் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள்.

படி 7: ஞாயிறு காலை, மீன் வாங்குவது

காலை 5:30-க்கே கரைக்குப் போய்விடுங்கள். விடியலையும் பார்க்கலாம், படகு வருவதையும் பார்க்கலாம். ஏலம் நடக்கும்போது நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வியாபார நேரம். மொத்தமாக ஏலம் எடுத்த அம்மாக்கள் பிறகு கூறு கட்டி விற்பார்கள், நமக்கு அங்கேதான் வேலை. சங்கரா, கிழங்கான், காரப்பொடி, மத்தி, நெத்திலி போன்றவை கட்டுப்படியாகும். மேட்டூர் கெண்டையும் ஜிலேபியும் வாங்கிப் பழகிய கண்ணுக்கு அளவு சிறிதாகத் தெரியும், அதை வைத்துத் தரம் முடிவு செய்ய வேண்டாம். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக உப்பி, விரலால் அழுத்தினால் சதை மேலெழும்பினால் நல்ல மீன்.

பச்சை மீனைச் சேலம் கொண்டுவருவது காரில் வருகிறவர்களுக்கு மட்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் என்பது கணக்கு. அங்கேயே குடலும் செவுளும் எடுத்துக் கழுவி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மேலே மறுபடி ஐஸ். பெட்டியின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால்தான் மீன் குழைந்துபோகிறது, ஐஸ் குறைவதால் மட்டுமல்ல. விருத்தாசலத்தில் நிறுத்தித் தண்ணீரைக் கொட்டி, ஐஸ் குறைந்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் கருவாடு வாங்குங்கள். வளைத்தால் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்தால் ஈரம் இருக்கிறது, எடையும் அதனால்தான் கூடுகிறது, வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மஞ்சளோடிச் சிக்குவாடை அடித்தால் எண்ணெய் கெட்ட கருவாடு. நெத்திலியை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் வெறும் மணலில் காயவைத்தது. வலை விரித்தோ சிமெண்ட் தளத்திலோ காயவைத்தது கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று, பிளாஸ்டிக் கவர், அதற்குமேல் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. வெறும் கவரில் கட்டினால் பெட்டி முழுக்க வாடை பரவி, சக பயணிகளுக்குத் தொல்லை. வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடியில் ஒரு நாள் வெயில் காட்டி எடுத்துவையுங்கள்.

படி 8: கிளம்புவது

மாலை ரயிலுக்கு மதியமே தரங்கம்பாடியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு பிற்பகல் பஸ்கள் நிறைந்து வரும், முகூர்த்த நாளென்றால் திருக்கடையூரில் சாலையே அடைத்துக்கொள்ளும். இடையில் அபிராமி சன்னதிக்குப் போக நினைப்பவர்கள் நடை சாத்தும் நண்பகலுக்கு முன்பே போய்விட வேண்டும். பூம்புகார் இருபது கிலோமீட்டர்தான் என்றாலும் இதே நாளில் திணிக்காதீர்கள். திருநள்ளாறு போக விரும்பினால் சனிக்கிழமையைத் தவிருங்கள். சனீஸ்வரனுக்கு உகந்த நாள் என்பதால் வரிசையிலேயே அரைநாள் போய்விடும்.

பையில் வைக்க: தொப்பி, மெல்லிய பருத்தித் துணி, டார்ச், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். வழியில் கொறிக்கத் தட்டுவடை எடுத்துப் போகிறவர்கள் செட்டாகக் கட்டி வாங்க வேண்டாம், காய்கறி ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் நமத்துவிடும். தட்டுவடை தனி, சட்னி தனி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் தனி டப்பாவில் என்று வாங்கி, ரயிலில் உட்கார்ந்தபிறகு கட்டிக்கொள்ளுங்கள்.