ஆறு பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒரு குவில்ட் தைக்க

குவில்ட் என்பது துண்டுத்துணிச் சதுரங்களை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. குவில்ட் தைக்கலாம் வாங்க என்று தோழிகளை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுவது சுலபம். திட்டம் போடாமல் கூப்பிட்டால் காலை முழுக்க வெட்டுவதிலேயே போய், அப்புறம் சாப்பிட்டு, பேசி, ஐந்து மணிக்கு ஆளுக்கொரு பையில் துண்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாகிவிடும். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை எல்லாம் அவரவர் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பல கைகள் வேண்டிய வேலை ஒன்றுதான்: மூன்று அடுக்கையும் விரித்து ஊக்கு குத்துவது. அந்த நாளை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆறு சதுரம், ஒவ்வொன்றும் ஆறரை அங்குலம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஆக 36 சதுரம் சேர்ந்து 36-க்கு 36 அங்குலம் வரும். கைக்குழந்தைக்குச் சரியான அளவு, சிங்கப்பூர் நாலறை அடுக்குமாடி வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டால் விரிக்கவும் முடியும். முதல் தடவையே கட்டில் அளவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

துணி பருத்தியாகவே இருக்கட்டும். பாட்டியின் பழைய நூல் புடவை இருந்தால் அதைவிட நல்லது கிடையாது, ஆனால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இழை விட்டுப்போன இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள், கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். தேக்கா சென்டர் மாடியில் இருக்கும் தையல்காரர்களிடம் வெட்டி மீந்த துண்டுகள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அடித்துணி 44 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர், ஓரம் கட்ட முப்பது சென்டிமீட்டர். அரபு ஸ்திரீட்டில் வாங்கலாம். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்புக்கு பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட்டுக்குப் போங்கள், பேட்டிங் என்று கேட்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு சதுரத்திலாவது தன் கையால் ஏதாவது ஊசிவேலை செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ஜப்பானியரிடம் சிக்கி இங்குள்ள சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் இப்படித்தான் ஆறு அங்குலச் சதுரங்களில் தங்களைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் சேர்த்து, 66 சதுரம் கொண்ட குவில்ட்டுகளாக இணைத்தார்கள். வேறு முகாமில் இருந்த கணவர்மாருக்குத் தாங்கள் உயிரோடிருப்பதைத் தெரியப்படுத்த அது ஒரு வழி. அவற்றில் இரண்டு இன்றும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. இந்த ஊரில் உட்கார்ந்து சதுரம் தைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வராமல் இருப்பதில்லை.

சரி, அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும். சதுரங்களைத் தரையில் பரப்பி, ஒரே நிறம் பக்கத்தில் வராதபடி மாற்றி, பிடித்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசை கலைந்தபின் சண்டைதான். அப்புறம் வரிசை வரிசையாகத் தையுங்கள், இரண்டு மெஷின் போதும், ஒருவர் இஸ்திரி. இஸ்திரிப் பெட்டி நிறைய மின்சாரம் இழுக்கும், மெஷின்கள் இருக்கும் எக்ஸ்டென்ஷனில் அதைச் செருகாமல் சுவர் பிளக்கில் தனியாகப் போடுங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கம் சாய்த்து அழுத்தினால் அடுத்த வரிசைக்கு வலப்பக்கம். அப்போதுதான் வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும்.

அடுக்குவதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், சாப்பிட்டபின் ஒருவர் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்புவார், மற்றவர்களுக்குக் கண் சொருகும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், பஞ்சு பறக்கும். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் இழுத்து நீட்டக்கூடாது. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து மெதுவாக இறக்க, மற்ற இருவர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே வாருங்கள். நாலு அங்குலத்துக்கு ஒரு ஊக்கு, அதுவும் நடுவிலிருந்தே தொடங்கி. கிட்டத்தட்ட நூறு ஊக்கு பிடிக்கும். தனியாகச் செய்தால் முதுகு போய்விடும் வேலை இது, ஆறு பேர் இருந்தால் கதை பேசி முடிப்பதற்குள் ஆகிவிடும்.

டேப்பைப் பிரித்துச் சுருட்டிக் கட்டில்மேல் வைத்துவிட்டு அப்புறம் சாப்பாடு. எங்கள் வீட்டில் எல்லாம் சைவம்தான், யாருக்கு எது ஆகும் என்று விசாரிக்கும் வேலை குறையும். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கொன்று. காலையில் சமைத்தது நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க வேண்டாம். எதிர்வீட்டு மலாய்த் தோழி ஒண்டே ஒண்டே என்ற மாவு உருண்டைப் பலகாரம் கொண்டுவருவார். அதைப் பாதியாகக் கடித்தால் உள்ளே இருக்கும் குலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகு எதிரில் இருப்பவர் மடியில்தான் போய் விழும், ஆகவே முழுசாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் மேசையில் உட்கார்ந்து. ஒருமுறை வெள்ளைச் சதுரத்தில் சாம்பார் சொட்டி, சோப்புப் போட்டதும் கறை சிவந்துபோய் எல்லாரும் பதறிவிட்டோம். மஞ்சள்தூள் சோப்பு பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

கை நன்றாகக் கழுவித் துடைத்தபின் மறுபடி உட்காருங்கள். இந்த மாலை நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, நடுவில் குவில்ட், சுற்றி எல்லாரும், கையில் ஊசி. சதுரங்கள் சந்திக்கும் 25 இடங்களிலும் தடித்த நூலை மூன்று அடுக்குக்கும் ஊடாக விட்டு இரட்டை முடிச்சுப் போட்டால் போதும். பஞ்சு பாக்கெட்டில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று போட்டிருக்கும், அது ஆறுக்குக் குறைவென்றால் சதுரத்தின் நடுவிலும் ஒன்று.

ஓரம் கட்டுவதை யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் முடிக்கட்டும், இரண்டரை அங்குலப் பட்டை நாலு தேவைப்படும். முதல்முறை குளிர்ந்த நீரில் தனியாகத் துவைத்து, ஒரே மூங்கில் கழியில் தொங்கவிடாமல் இரண்டு கழிக்குக் குறுக்கே போட்டுக் காயவையுங்கள், ஈரப் பஞ்சின் கனம் தையலை இழுத்துவிடும்.