என்பிஏ டிரேட்: கணக்கு சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், இரண்டு வீரர்களின் சராசரிப் புள்ளிகளை மட்டும் ஒப்பிட்டு டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) லாபமா நஷ்டமா என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுப்பவர், அதற்கு எத்தனை ஷாட்டைச் செலவழித்தார் என்று பாருங்கள். ஷாட் முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) முயற்சிகளின் 0.44 மடங்கைக் கூட்டி, அதை இரட்டித்து, புள்ளிகளை அதால் வகுக்க வேண்டும். இப்போதைய ஆட்டத்தில் விடை 0.57 பக்கம் இருந்தால் சராசரி. 0.52 என்றால் அந்த 20 புள்ளிக்கு அணி அதிக விலை கொடுக்கிறது.

அடுத்தது சம்பளம். ரசிகர்கள் போடும் டிரேட் திட்டங்களில் பல இங்கேயே செத்துவிடும். 2025-26 பருவத்தில் இரண்டாம் ஏப்ரன் எனப்படும், அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கான வரம்பு சுமார் 20.78 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி 2 கோடி, 1.5 கோடி வாங்கும் இருவரைச் சேர்த்துக் கொடுத்து 3.5 கோடிக்காரர் ஒருவரை வாங்க முடியாது. சம்பளங்களைக் கூட்டிக்காட்ட அனுமதியே இல்லை. ஆனால் 4 கோடிக்காரர் ஒருவரைக் கொடுத்து 2 கோடிக்காரர் இருவரை வாங்கலாம். அனுப்பும் தொகையைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வரக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று சுமாரான வீரர்கள் சேர்ந்தால் ஒரு நட்சத்திரத்துக்கு ஈடு என்பதும் தப்புக் கணக்கு. ஒரு ஆட்டத்தில் பங்கிடக் கிடைப்பது 240 வீரர்-நிமிடங்கள்தான். வந்த மூவரும் யாருடைய நிமிடங்களைத் தின்பார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

டிராஃப்ட் பிக் விஷயத்தில்தான் பெரிய அடி விழும். புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடம்தான் பிக்; மோசமாக ஆடும் அணிகளுக்கு முன்வரிசை இடமும் நன்றாக ஆடும் அணிகளுக்குக் கடைசி இடமும் கிடைக்கும். 2013-இல் புரூக்ளின் நெட்ஸ், 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்க 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்தது. கூடவே 2017-இல் பாஸ்டன் விரும்பினால் தன் பிக்கை நெட்ஸின் பிக்கோடு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் தந்தது. 'கடைசி இடத்து பிக்தானே' என்ற நினைப்பு போலும். பியர்ஸ் ஒரே பருவத்தில் கிளம்பிவிட்டார். 2016 பிக் மூன்றாம் இடத்தில் விழுந்தது; அதை வைத்து பாஸ்டன் ஜெய்லன் பிரவுனைத் தேர்ந்தெடுத்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த மாற்று உரிமை 2017-இல் முதல் இடத்தையே கொடுத்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து மூன்றாம் இடத்தையும் பின்னொரு முதல் சுற்று பிக்கையும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமைத் தேர்ந்தெடுத்தது. 2024-இல் பாஸ்டன் கோப்பை வென்றது இந்த இருவரை வைத்துத்தான். ஆகவே பிக்கை மதிப்பிடும்போது, கொடுக்கும் அணி இன்று எப்படி ஆடுகிறது என்பதை விடுங்கள். அந்த பிக் வரும் ஆண்டில் அதன் முக்கிய வீரர்களுக்கு என்ன வயது, யாருடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும் என்று பாருங்கள். டாப்-10 பாதுகாப்பு இருந்தால், முதல் பத்துக்குள் விழும் பிக் கொடுத்தவரிடமே தங்கிவிடும். பிறகு அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகுமா, இரண்டாம் சுற்றாகச் சுருங்குமா என்பதையும் படித்தாக வேண்டும்.

உடல் பரிசோதனை முடியும்வரை எதையும் கணக்கில் ஏற்ற வேண்டாம். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ், மார்க் வில்லியம்ஸுக்காக ஷார்லட் ஹார்னெட்ஸுடன் செய்த டிரேட், அறிவிப்பு வந்த பிறகு இந்தக் கட்டத்தில்தான் ரத்தானது.