ஐயத்துக்குரிய கையொப்பத்தை ஆராய்வது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

புரோநோட்டில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று ஒருவர் மறுத்துவிட்டால், அதை ஆராய வருபவர் எழுத்தைப் பார்ப்பதற்கு முன் தாளைக் காக்க வேண்டும். அதில் அடிக்கோடிடவோ, பின் குத்தவோ, புதிதாக மடிக்கவோ, லேமினேட் செய்யவோ கூடாது. உறைக்குள் வைத்த பின் உறைமேல் எழுதினால் பேனாவின் அழுத்தம் உள்ளிருக்கும் தாளில் பதிந்துவிடும். எழுத வேண்டியதை முன்பே எழுதிவிடுங்கள். ஜெராக்ஸ் நகலில் அழுத்தமும் மையின் தன்மையும் தெரியாது என்பதால் மூல ஆவணத்தையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய உண்மையான கையொப்ப மாதிரிகளைத் திரட்ட வேண்டும். என் மதிப்பில் இத்துறையின் பாதி வேலை இதுதான். 1983இல் ஜெர்மனியில், ஹிட்லரே எழுதியவை என்று சொல்லி வெளிவந்த ‘ஹிட்லர் நாட்குறிப்புகள்’ அசலே என்று கையெழுத்து நிபுணர்கள் சொன்னார்கள். ஒப்பிடத் தரப்பட்ட மாதிரிகளிலேயே போலியாளர் கொன்ராட் குயாவ் எழுதியவை கலந்திருந்தன. பின்னர், தாளில் இருந்த வெண்மையூட்டி புற ஊதா ஒளியில் ஒளிர்ந்து, அது போருக்குப் பிந்தைய தாள் என்பதைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே ஒவ்வொரு மாதிரியும் எங்கிருந்து வந்தது என்பதை உறுதிசெய்யுங்கள். வழக்கு எழுவதற்கு முன், அதே காலகட்டத்தில், அதே மொழியில் வங்கி விண்ணப்பங்களிலும் பதிவுப் பத்திரங்களிலும் இட்ட கையொப்பங்கள் சிறந்தவை. எவரும் இருமுறை அச்சாக ஒரே மாதிரி கையொப்பமிடுவதில்லை. அந்த இயல்பான வேறுபாட்டின் எல்லையை அறிய ஒன்றிரண்டு போதாது. நேரில் எழுதி வாங்குவதானால், ஐயத்துக்குரிய ஆவணத்தைக் காட்டாமல், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவைத்து, ஒவ்வொரு தாளையும் உடனே அப்புறப்படுத்துங்கள்.

இப்போது பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுங்கள். புதியவர்கள் எழுத்தின் வடிவத்தையே பார்க்கிறார்கள். போலியாளரும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்பதால், வடிவம் ஒத்திருப்பதில் வியப்பில்லை. நீங்கள் கோட்டின் ஓட்டத்தைப் பாருங்கள். ‘ண’வை நாள்தோறும் எழுதிப் பழகிய கை அதன் சுழிகளை ஒரே வீச்சில் சுற்றிக் கடைசிக் கோட்டை மெலிந்து மறையவிடும். பார்த்து வரைந்த கையோ சுழியின் நடுவில் தயங்கும். தயங்கிய இடத்தில் மை திரண்டிருக்கும், வளைவில் நடுக்கம் தெரியும், முடிவு மழுங்கியிருக்கும். முதுமையும் நோயும்கூட நடுக்கம் தரும். அக்காலத்து மாதிரிகளிலும் அது உண்டா என்று சரிபாருங்கள். ஒரு மாதிரியின் மேல் வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்தும் கையொப்பத்தை, அசல் என்று மகிழாமல், அதன்மேல் வைத்து வரைந்ததோ என்று ஐயுறுங்கள்.

பிறகு விளக்கைத் தாளை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் மையில்லாத அழுத்தத் தடங்கள் தெரியும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு மைகள் அகச்சிவப்பு ஒளியில் பிரிந்து தெரிவதுண்டு.

இறுதியாக அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு நிபுணர் கருத்துக்கு இடமளிக்கிறது. 72ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தானே ஒப்பிட்டும் பார்க்கலாம். அதனால் ஒற்றுமை, வேற்றுமை ஒவ்வொன்றின் அருகிலும் பெரிதாக்கிய படத்தை இணையுங்கள். மாதிரிகள் போதவில்லையெனில் ‘முடிவுக்கு வர இயலவில்லை’ என்றே எழுதிக் கையொப்பமிடுங்கள்.