விசா மறுத்துவிட்டார்களா? கொங்குப் பக்கமிருந்து இங்கிலாந்து வந்த பிள்ளைகளுக்கு

போன வாரம் விடுப்பில் கோபிக்கு வந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் கவுந்தப்பாடியிலிருந்து ஓர் அம்மா தேடி வந்துவிட்டார். மஞ்சள் பைக்குள் போன், போனுக்குள் லெஸ்டரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதம். "ரிஜெக்ட் ஆயிருச்சுங்களாம் அம்மிணி. இனி அவனத் திருப்பி அனுப்பிருவாங்களா?" என்று கேட்டார். நாலு பக்கக் கடிதம் அது. பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். முதல் பக்கத்தில் 'மறுக்கப்பட்டது' என்று பார்த்ததோடு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டானாம். மூன்றாம் பக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 2024-ல் எனக்கும் இதே கடிதம் வந்தது. நானும் ஒரு ராத்திரி முழுக்க அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கடிதத்தில் நமக்கு வேண்டியது காரணம் எழுதியிருக்கும் அந்த ஒரு பத்திதான். எந்த வழியில் போக வேண்டும், எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். அதனால் முதலில் கடிதத்தை முழுசாகப் படியுங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் கூட இருப்பவரை வைத்துக்கொண்டு படியுங்கள். கடிதம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

நம் ஊரில் எல்லாவற்றையும் ரிஜெக்ட் என்றே சொல்கிறோம். அங்கே இரண்டு வேறு வார்த்தைகள் உண்டு. கட்டணம் சரியாகக் கட்டவில்லை, கைரேகை கொடுக்கவில்லை என்று விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளாமல் திருப்புவது 'ரிஜெக்டட்'. எடுத்துப் பரிசீலித்து, தகுதி இல்லை என்று முடிவு சொல்வது 'ரெஃப்யூஸ்ட்'. முதலாவது என்றால் பெரும்பாலும் சரிசெய்து மறுபடி போடுகிற வேலைதான், விசாத் தேதி மட்டும் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இனி சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றி.

மறுப்பு வந்தால் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவியூ' கேட்கலாம் என்று கடிதத்திலேயே போட்டிருக்கும். இங்கிலாந்துக்குள் இருந்து விண்ணப்பித்தவருக்குக் கடிதம் கிடைத்ததிலிருந்து 14 நாள், ஊரிலிருந்து விண்ணப்பித்தவருக்கு 28 நாள். கட்டணம் 80 பவுண்டு. இதை நம் ஆட்கள் அப்பீல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்பீல் இல்லை. நீங்கள் கொடுத்த காகிதத்தை அதிகாரி தவறாகப் பார்த்திருக்கிறாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். நீங்கள் கொடுக்காமல் விட்ட காகிதத்தை இப்போது கொடுத்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். தப்பு அவர்கள் பக்கம் என்றால் ரிவியூ. தப்பு நம் பக்கமோ கம்பெனி பக்கமோ என்றால் புது விண்ணப்பம். இதைப் பிரித்துப் பார்க்காமல் 14 நாளையும் ரிவியூவில் கரைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த எங்கள் உறவுக்காரத் தம்பி ஒருவன் ஊரிலிருந்தே, அங்குள்ள கம்பெனி ஸ்பான்சர் செய்து வேலைக்கு எடுக்கும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் போட்டான். முதல்முறை போகிறவர் 1,270 பவுண்டுக்குக் குறையாத தொகையைத் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அவனும் வைத்திருந்தான். நடுவில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் செய்யாமல் இருக்க முடியுமா? அந்தக் கணக்கிலிருந்தே நகைக்கடைக்கு அனுப்பிவிட்டான். மறுநாளே அப்பாவிடம் வாங்கிக் கணக்கில் போட்டும்விட்டான். ஸ்டேட்மெண்டில் ஒரே ஒரு நாள் மட்டும் தொகை கீழே இறங்கியிருந்தது. மறுத்துவிட்டார்கள். இதில் ரிவியூ கேட்டு என்ன பயன்? அதிகாரி சரியாகத்தானே பார்த்திருக்கிறார். அவன் 28 நாள் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து புதிதாகப் போட்டான், கிடைத்தது. அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது: முதல் மாதச் செலவுக்குத் தாங்கள் பொறுப்பு என்று ஸ்பான்சர் கம்பெனி தான் கொடுக்கும் சான்றிதழில் ஒரு குறி போட்டிருந்தால் இந்த ஸ்டேட்மெண்டே தேவைப்பட்டிருக்காது. கம்பெனியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இங்கிலாந்தில் முறையான விசாவில் 12 மாதம் இருந்துவிட்டவருக்கும் இந்தப் பணக் கணக்கு கிடையாது.

என் கதை வேறு மாதிரி. படிப்பு முடித்து, நம் ஆட்கள் பிஎஸ்டபிள்யூ என்று சொல்கிற கிராஜுவேட் விசாவில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தேன். கம்பெனியே ஸ்பான்சர் செய்ய ஒத்துக்கொண்டது. ஸ்பான்சர் சான்றிதழை எல்லோரும் சிஓஎஸ் என்பார்கள். அதில் வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்று போடவேண்டிய இடத்தில் எச்ஆரில் யாரோ 45 என்று போட்டுவிட்டார்கள். பார்க்கச் சின்னத் தப்புதான். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் அரசு வைத்திருக்கும் சம்பள அளவு 37.5 மணி நேரத்துக்கானது. மணி நேரம் கூடினால் அந்த அளவும் அதே விகிதத்தில் கூடும். 45 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டதும் என் சம்பளம் பற்றாமல் போய்விட்டது. சிஓஎஸ்ஸின் நகலை நான் கேட்டு வாங்கி ஒருமுறை படித்திருந்தால் போதும். வேலைப் பிரிவு எண், சம்பளம், வார மணி நேரம், தொடங்கும் தேதி, இந்த நாலையும் உங்கள் ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்க்காமல் விண்ணப்பத்தில் கை வைக்காதீர்கள்.

என்னைக் காப்பாற்றியது சீக்கிரமே போட்டதுதான். மறுப்பு வந்தபோது கிராஜுவேட் விசாவில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. ஸ்கில்டு ஒர்க்கர் விண்ணப்பம் மறுக்கப்பட்டதால் கையில் இருக்கும் விசா போய்விடாது, அதன் தேதி வரை இருக்கும். அந்தத் தேதிக்குள் கம்பெனி புது சிஓஎஸ் கொடுத்தது, நான் புது விண்ணப்பம் போட்டேன், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு வேலையும் தொடர்ந்தது. வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் போட்டவர்களுக்கு நிலைமை வேறு. பழைய விசா முடிந்தபின் மறுப்பு வந்தால், 14 நாளுக்குள் புது விண்ணப்பம் போட வழி இருக்கிறது. ஆனால் ரிவியூவுக்கான காலம் முடிந்ததும், புது விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும், வேலை பார்க்கும் உரிமை நின்றுவிடும். அந்த நிலையில் இருப்பவர் தானே முடிவெடுக்காமல் அன்றைக்கே வக்கீலைப் பார்க்க வேண்டும். கையில் காசு வாங்கிக்கொண்டு ஹோட்டலிலும் கிடங்கிலும் ஒளிந்து வேலை செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம் கண்ணு. அதோடு எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும்.

வழி எதுவும் இல்லை என்றாகிவிட்டால், விசா முடிந்து 30 நாளுக்குள் சொந்தச் செலவில் கிளம்பியவருக்கு அதனால் மறுநுழைவுத் தடை வராது. தாண்டி உட்கார்ந்திருந்தால் குறைந்தது ஓராண்டுத் தடை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்ணப்பமோ ரிவியூவோ நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போகக் கூடாது. நாட்டை விட்டு வெளியே போனாலே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஐப்பசியில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்வது உடன்பிறந்தவள். அவனுக்கு நான் ஒருத்திதான் அக்கா. கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகள் நின்றாள். நான் லெஸ்டரில், மூன்று பேர் பகிர்ந்திருந்த வீட்டின் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீர் முடிந்ததும் தம்பி கேமராவைத் தேடிப் பார்த்தான். இப்போதும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். இதற்கு மாற்று வழி ஏதும் நான் சொல்வதற்கில்லை. வீட்டில் விசேஷம் இருந்தால் விண்ணப்பத் தேதியை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரிமைச் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டினால் முடிவு சீக்கிரம் வரும். சாதாரணமாக இங்கிலாந்துக்குள் இருந்து போட்ட விண்ணப்பத்துக்கு எட்டு வாரம், ஊரிலிருந்து போட்டதற்கு மூன்று வாரம் என்பது கணக்கு.

பணத்தில் எது திரும்பும்? விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் கட்டிய மருத்துவ வரி, அதாவது ஐஎச்எஸ், கேட்காமலே திரும்பி வரும். மூன்று ஆண்டுக்குக் கட்டியிருந்தால் 3,105 பவுண்டு. அது பெரிய தொகை, அதை வைத்தே மறு விண்ணப்பத்தைத் திட்டமிடலாம்.

சம்பள அளவும் வருடா வருடம் மாறுகிறது. நான் போட்ட 2024-ல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொது அளவு, அதாவது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம், 38,700 பவுண்டு. 2025 ஜூலை 22 முதல் 41,700. படிப்பு முடித்து வேலைக்குள் நுழைகிறவர்களுக்கு அது 33,400, அதோடு அந்த வேலைக்கான சம்பள அளவில் எழுபது சதவீதமும் எட்ட வேண்டும். அதே தேதியோடு, முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோனது. இன்னும் கோவை காந்திபுரத்தில் அந்த வேலைக்கு என்று பணம் கேட்கிறவர்கள் இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது கவுந்தப்பாடிப் பையன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இன்று அதிகம் நடப்பது இதுதான். மூன்றாம் பக்கத்தில் இருந்த காரணம்: இந்த வேலை உண்மையான காலியிடம் என்று நம்ப முடியவில்லை. அந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். ஒரு ஏஜெண்டுக்கு எட்டு லட்சம் கொடுத்திருக்கிறார்கள். இருந்த நகை எல்லாம் அடகில். அதே ஆள் இப்போது, "இன்னொரு அஞ்சு லட்சம் குடுங்க, வேற கம்பெனில சிஓஎஸ் எடுத்துரலாம்" என்கிறாராம். அந்த அம்மா தோட்டத்தில் ஒரு பகுதியை எழுதிக் கொடுக்கிற யோசனையில்தான் என்னிடம் வந்திருந்தார்.

சிஓஎஸ் விலைக்கு வாங்கும் பொருள் இல்லை. அதற்கான கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும், வேலைக்காரரிடம் வசூலிக்கக் கூடாது. யார் விற்றாலும் அது மோசடி. உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் அரசு இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது, கம்பெனியின் பதிவு விவரம் அங்கே கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸில் இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தாலும், பத்துப் பேர் வேலை பார்க்காத கம்பெனி ஐம்பது பேருக்கு சிஓஎஸ் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். கம்பெனியின் உரிமமே ரத்தானால், விசா கிடைத்தவருக்கும் பெரும்பாலும் 60 நாள்தான் அவகாசம். நம் நாட்டிலும், பதிவு பெற்ற வேலைவாய்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் முறையிடலாம்.

கடிதத்தில் ஏமாற்று, பொய்த்தகவல் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் பத்தாண்டுத் தடை வரை போகும், அப்போது வக்கீல் இல்லாமல் ஒரு வரிகூடத் திருப்பி எழுதக் கூடாது. வெறும் மறுப்பு ஆயுசுக்கும் கறை இல்லை. ஆனால் அடுத்து எந்த நாட்டு விசாவுக்குப் போட்டாலும், 'இதற்கு முன் மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆமாம் என்றே எழுதுங்கள். மறைப்பதுதான் கறை.

ஆலோசனைக்கு ஃபேஸ்புக் குழுவை நம்பாதீர்கள். மாணவராக இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரைப் பாருங்கள், பெரும்பாலும் இலவசம். மற்றவர்கள் விசா ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவுள்ள ஆலோசகரையோ சொலிசிட்டரையோ பாருங்கள். இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸும் வழி காட்டும்.

வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ஒறம்பரைக்கு, அதாவது சொந்தபந்தத்துக்கு, என்ன பதில் சொல்வது என்று பயந்து பிள்ளைகள் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள், அந்த இருட்டில்தான் இரண்டாவது ஏஜெண்ட் நுழைகிறார். நான் மூன்று நாள் கழித்துச் சொன்னேன். அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. "சரி அம்மிணி. வர்றதுன்னா வந்துரு, தோட்டம் இங்கதான் இருக்குது. இருக்கறதுன்னா என்ன பண்ணோணும்னு சொல்லு" என்றார். அன்றிரவுதான் நான் தூங்கினேன்.

அந்தப் பையனிடம் மாணவர் விசா எப்போது முடிகிறது என்று கேட்டேன். இன்னும் ஆறு வாரம். படிப்பு முடிந்ததா? முடிந்தது. பல்கலைக்கழகம் அதை முறைப்படி தெரிவித்துவிட்டதா? கேட்டுச் சொல்கிறேன் என்றான். தெரிவித்திருந்தால், மாணவர் விசா உயிரோடு இருக்கும்போதே கிராஜுவேட் விசாவுக்குப் போடலாம். அதற்கு ஸ்பான்சர் வேண்டாம், சிஓஎஸ் வேண்டாம். 2026 டிசம்பர் 31-க்குள் போட்டால் இரண்டு ஆண்டு, அதற்குப் பிறகு பதினெட்டு மாதம். இந்த வழியை ஏஜெண்ட் அவனிடம் சொல்லவே இல்லை. அதில் அவருக்கு வருமானம் இல்லையே. முந்தைய மறுப்பை மறைக்காமல் எழுத வேண்டும், அதனால் போடுவதற்குமுன் ஆலோசகரிடம் கடிதத்தைக் காட்டு என்றேன்.

சாயங்காலமே பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு எனக்கும் நகல் அனுப்பினான். அந்த அம்மா கிளம்பும்போது ஏஜெண்டின் எண்ணை எடுத்துக் காட்டி, "இவருக்கு என்னங்க சொல்றது?" என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் அனுப்பிய மெசேஜையும் நீங்கள் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல் வையுங்கள், புகார் எழுத அதெல்லாம் வேண்டும் என்றேன். ரசீது அந்த மஞ்சள் பையிலேயே இருந்தது.