பித்தக் குழாயில் கிருமித் தொற்றா? எந்தப் படம் எதைக் காட்டும்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது பக்க மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் பித்தக் குழாய்த் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்று 1877இலேயே பிரெஞ்சு மருத்துவர் சார்கோ எழுதினார். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய் இது. பெரும்பாலும் கல் இதை அடைப்பதால்தான் தொற்று வருகிறது. எல்லாருக்கும் மூன்றும் சேர்ந்து வராது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போவதையும் கவனியுங்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் தோட்டங்களில் வழக்கம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் தயவுசெய்து அதற்காகக் காத்திருக்காதீர்கள். லயத்துக்கு வாகனம் வரத் தாமதமாகும் என்றால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பேச்சுத் தடுமாறினால், பிரஷர் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

படி 1: சாதாரண எக்ஸ்ரே
நுரையீரலின் வலது அடிப்பகுதியில் நிமோனியா இருந்தாலும் வலி மேல்வயிற்றில் தெரியும். குடலில் ஓட்டை விழுந்தால், வெளியேறிய காற்று நெஞ்செக்ஸ்ரேயில் தெரியும். இவற்றைப் பிரித்தறியத்தான் இந்தப் படம். பித்தக் கற்களில் பெரும்பாலானவை இதில் தெரியாது, கல்சியம் குறைவு என்பதால். அதனால் ‘எக்ஸ்ரே நல்லா இருக்கு’ என்றால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

படி 2: ஸ்கேன்
இது ஒலியலை, எக்ஸ்ரே அல்ல. குழாய் வீங்கியிருப்பதைக் காட்டும். ஆனால் குழாயின் அடியில் மாட்டிய கல்லைக் குடல் காற்று மறைத்துவிடலாம்.

படி 3: சீடீ
எக்ஸ்ரேயால் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்ப்பது. அடைப்புக்குக் காரணம் கட்டியா, ஈரலில் சீழ் கட்டியிருக்கிறதா என்று தெரியும். சில கற்கள் இதிலும் தப்பிவிடும். படம் தெளிவாகத் தெரிய இரத்த நாளத்தில் சாயமருந்து ஏற்றுவார்கள். கர்ப்பம், சிறுநீரக நோய், அலர்ஜி, சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோமின் குளிசை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 4: ஈஆர்சீபீ
எக்ஸ்ரேயின் முழுப் பலமும் இங்கேதான். வாய் வழியாகக் கேமராக் குழாயை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தக் குழாய்க்குள் சாயமருந்தைச் செலுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் குழாய் கிளை கிளையாகத் தெரியும். கல் இருக்கும் இடம் மட்டும் நிரம்பாமல் இடைவெளியாக நிற்கும். அப்போதே கல்லை எடுக்கலாம், அல்லது ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்துச் சீழை வடியவிடலாம். நோயைக் காண்பதோடு சிகிச்சையும் அங்கேயே நடக்கிறது. இதற்காகக் கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தயங்காதீர்கள். எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். கிருமிக்கொல்லி ஊசியை இதற்கு முன்பே தொடங்கிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருந்தால் சில மாதங்களில் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அந்தத் திகதியைக் கேட்டு கிளினிக் கொப்பியில் எழுதி வாங்காமல் வார்டை விட்டு வராதீர்கள்.