வேகாஸ் போகிற வழியில் டெத் வேலி: "27 மைல்தானே" என்பவர்களுக்கு

ஒவ்வொரு நவம்பரிலும், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு யாராவது போன் செய்வார்கள். "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. வேகாஸ் கூட்டிட்டுப் போறோம். போற வழியில அப்படியே டெத் வேலியும் பார்த்துடலாமா?" கலிபோர்னியா பாலைவனத்தில் இருக்கிற அந்தத் தேசியப் பூங்காவைத் தாராளமாகப் பார்க்கலாம். அந்த "அப்படியே"தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர் என்பதையெல்லாம் பூங்காவின் வாசல் பலகையே சொல்லிவிடும். நான் செய்த தவறுகளையே வரிசையாக எல்லோரும் செய்வதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஒரே மதியத்தில் எல்லாம் பார்ப்பது

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேகாஸ் சுமார் 270 மைல். பாதி தாண்டி பேக்கர் என்ற சிற்றூர் வரும். அங்கே 134 அடி உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக (நம் கணக்கில் 56.7 செல்சியஸ்) அந்த உயரம். அதன் அடியில் நின்று போட்டோ எடுத்து, சாப்பிட்டு, 127ஆம் சாலையில் வடக்கே திரும்பிப் பூங்காவுக்குள் நுழையும்போது மணி இரண்டாகிவிடும். நவம்பரில் நாலரைக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பேட்வாட்டர் உப்புப் படுகை, ஸாப்ரிஸ்கி பாயின்ட் காட்சிமுனை இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல்மேடு, எரிமலை வாய், டான்டீஸ் வியூ எல்லாம் அடுத்த முறைக்கு.

"27 மைல்தானே"

இதை மட்டும் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். இன்னும் எரிச்சல் ஆறவில்லை.

பூங்காவுக்குள் ரேஸ்டிராக் என்று ஒரு வறண்ட ஏரிப்படுகை. அதில் கற்கள் தாமாக நகர்ந்து, பின்னால் நீளமாகத் தடம் விட்டிருக்கும். அப்பா திண்டுக்கல் பக்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து கிளம்பும்போதே, "தம்பி, அந்தக் கல்லு நகர்ற இடத்தை மட்டும் காட்டிடுப்பா" என்றார். உபஹீபி எரிமலை வாய் வரை நல்ல தார்ச்சாலை. அங்கிருந்து ரேஸ்டிராக் 27 மைல் என்றது போன். முக்கால் மணி நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். உயரமான வண்டி, தடித்த டயர் வேண்டும் என்று எழுதியிருந்த பலகையையும் படித்தேன். ஆனால் முன்னால் ஒரு சின்னக் கார் போய்க்கொண்டிருந்தது. அது போகிறதே, நாம் போனால் என்ன?

எங்களுடையது வாடகை செடான். இரண்டு மைல் தாண்டியதும் சாலை தகரக் கூரை போல வரிவரியாகிவிட்டது. அலமாரிக்குள் உட்கார்ந்து படியில் உருள்வது போல ஒரு சத்தம். வேகமாகப் போனால் குலுக்கல் குறையும் என்று ஏதோ வீடியோவில் பார்த்த ஞாபகம். 35 மைல் வேகத்தில் விட்டேன். குலுக்கல் உண்மையிலேயே குறைந்தது. டயர் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுத் தாவுவதால் வருகிற சுகம் அது. அதே வேகத்தில்தான் கூர்மையான கல்லும் டயரைக் கிழிக்கும்.

வழியில் டீகெட்டில் ஜங்ஷன். கம்பம் நிறைய யார் யாரோ கட்டித் தொங்கவிட்ட கெண்டிகள். "இவ்வளவு இருந்தும் ஒரு வாய் டீ கிடையாதா?" என்று அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தோம். அங்கிருந்து மூன்றே மைலில் 'டப்'.

வலது பின்சக்கரம். தரையோடு உருளும் பாகமில்லை, பக்கவாட்டில் ஓர் அங்குல நீளக் கிழிசல். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு சின்ன கம்ப்ரஸரும் பஞ்சர் ஒட்டும் திரவ பாட்டிலும். இப்போது வருகிற பல செடான்களில் இவ்வளவுதான் தருகிறார்கள். அந்தத் திரவம் ஆணி ஏறிய துளையை அடைக்கும், பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. அது தெரியாமல் முழு பாட்டிலையும் ஏற்றினேன். கிழிந்த இடத்திலிருந்து மோர் மாதிரி வெள்ளையாக ஒழுகி மண்ணில் இறங்கியது. போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து ஜீப்பில் வந்த ஒரு வயதான தம்பதி, தங்கள் சாட்டிலைட் கருவியிலிருந்து டோ வண்டிக்குச் செய்தி அனுப்பினார்கள். வண்டி வந்தபோது இரவு ஒன்பது. பாலைவனம் என்றால் வெயில் என்று நினைப்பவர்களுக்கு: அந்த இடம் 3,700 அடி உயரம், நவம்பர் இரவில் பல் கிட்டிக்கும். வேகாஸுக்காக எடுத்து வந்த பட்டுப்புடவைகளை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் போர்த்தினார். கட்டிக் கொண்டுவந்த புளியோதரைதான் இரவுச் சாப்பாடு. அப்பா மட்டும், "இன்னும் மூணு மைல்தானே, நான் வேணா நடந்து போய் கல்லைப் பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்றார்.

டோ செலவும் டயரும் சேர்ந்து, ஒருவர் சென்னை போய்வருகிற டிக்கெட்டைத் தாண்டிவிட்டன. தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி. அடியில் என் கையெழுத்து.

போகத்தான் வேண்டும் என்றால் சீசனில் ஃபர்னஸ் க்ரீக்கிலேயே ஜீப் வாடகைக்கு எடுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள். 15 மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். 27 மைலுக்கு இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம்.

அந்தக் கற்களின் புதிரும் 2014இல் அவிழ்ந்துவிட்டது. கற்களில் ஜிபிஎஸ் பொருத்திக் காத்திருந்து கண்டுபிடித்தார்கள். குளிர்காலத்தில் தேங்கும் நீர் இரவில் கண்ணாடி போல மெல்லிய பனித்தகடாக உறையும். காலை வெயிலில் அது உடைந்து மிதக்கும்போது, லேசான காற்றே தகட்டையும் கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடும். இதை அப்பாவுக்கு வீட்டிலேயே வீடியோவில் காட்டியிருக்கலாம்.

நாங்கள் தப்பித்தோம். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நான்கு பேர், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், வாடகை வேனில் இதே பூங்காவின் தெற்கே ஒரு மலைப்பாதையில் இறங்கினார்கள். டயர்கள் கிழிந்த வேன் அக்டோபரில் கிடைத்தது. பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தது 2009இல்.

மழை பெய்ததை விசாரிக்காமல் கிளம்புவது

2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின்போது ஒரே நாளில் ஓர் ஆண்டு மழை, 2.2 அங்குலம், கொட்டியது. பூங்காவை ஏறக்குறைய இரண்டு மாதம் மூடினார்கள். 2015 வெள்ளத்தில் போன ஸ்காட்டீஸ் கேஸில் சாலை பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. போன் மேப்பை நம்பாதீர்கள். பூங்காவின் இணையதளத்தில் அன்று காலை நிலவரத்தைப் பாருங்கள்.

பெட்ரோல்

உள்ளே கிடைக்கும். விலையைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். வெளியிலேயே முழுதாக நிரப்புங்கள்.

ஏற்றத்தில் ஏசி

என்ஜின் சூடேறாமலிருக்க, சாலையோரப் பலகை அணைக்கச் சொல்லும். அணையுங்கள்.

ஜூலை

குழந்தைகளோடு வேண்டாம்.

பேட்வாட்டரில் உப்பை நக்கிப் பார்ப்பது

கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே, கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பு. பிள்ளைகள் கட்டாயம் நக்குவார்கள், திட்டாதீர்கள். அப்பாவும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தூத்துக்குடி உப்பு மாதிரி வராது என்றார்.